பாண்டு புத்திரி

காஜா பெராங் வீடு: பதினோராவது அத்தியாயம்

போன வாரம் உம்மு ஹபீபாவைக் கையில் கடிதத்தோடு கூடத்தில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். அதற்கப்புறம் அங்கே பத்து நாள் ஓடிவிட்டது. கடிதம் அலமாரிக்குள் போய்விட்டாலும் அவள் மனசை விட்டுப் போகவில்லை.

இந்த வாரம்தான் வண்டியில் ஏறியவர்களுக்காக நாலு வார்த்தை. உம்மு ஹபீபாவுக்குப் பிறந்த ஊர் கீழக்கரை, வாழ்க்கைப்பட்டது மலாக்காவில். கணவர் சதக்குத் தம்பி சிங்கப்பூரில் சரக்குக் கிடங்குக் கிராணி, அதாவது குமாஸ்தா. மாதம் ஒரு தடவை வந்து போவார். காஜா பெராங்கில் அவளும் பதினாலு வயது மகள் மரியம் நாச்சியாவும் ஒரு வீடு. அடுத்த வீட்டில் கணவரின் அண்ணன் இபுராகிம்சாவின் குடும்பம். தம்பி ஊரில் இல்லாததால் இரண்டு வீட்டுக்கும் அவர் சொல்தான் சட்டம்.

நாச்சியா படிக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று ஒரு சாரணியர் படை இருந்தது. முடிச்சுப் போடுவார்கள், காயத்துக்குக் கட்டுப் போடுவார்கள், கூடாரம் அடிப்பார்கள், தினம் யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்வார்கள். இரண்டு வருஷமாக வீட்டில் அதற்குப் பெயர் ‘கைட்ஸ்’. அந்தப் பெயரை வைத்து யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. கொடிக்கயிற்றில் நாச்சியா போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாமல் இபுராகிம்சா வீட்டில் ஒருநாள் துணி காயப்போடாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி நாடு சுதந்திரம் அடைகிறது. பண்டார் ஹிலிர் திடலில் அணிவகுப்பு. சாரணியர் படைக்கு முன்னால் பிறையும் நட்சத்திரமும் போட்ட புதுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்க நாச்சியாவைப் பொறுக்கியிருந்தார்கள். அதற்கு வீட்டாரின் சம்மதம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கடிதம் ஜாவியில் இருந்தது, அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாய்.

அங்கேதான் வினை.

அந்த இரண்டு வீட்டிலும் ஜாவி படிக்கத் தெரிந்தவள் உம்மு ஹபீபா ஒருத்திதான். கீழக்கரைப் பெண்பிள்ளைகள் எல்லாரும் போல அவளும் சின்ன வயசில் அரபுத்தமிழ் கற்றவள். அதுவும் அரபு எழுத்துத்தான், பாஷை மட்டும் தமிழ். மலாக்காவுக்கு வந்த புதிதில் ஜாவிக் காகிதம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியதில் இபுராகிம்சா அசந்துபோனார். “நம்ம தம்பி வீட்டுப் பிள்ளை ஜாவியைத் தண்ணி மாதிரி படிக்கும்” என்று கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். பிறகு கேட்பானேன், தெருவுக்கு வரும் சுற்றறிக்கை, நகரசபை நோட்டீஸ் எல்லாம் அவள் வாசலுக்கு வந்தன.

எழுத்தைப் படிப்பாள். மலாய் அவளுக்கு மீன்காரனோடு பேசும் அளவுக்குத்தான் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பத்து நாளைக்கு முன்னால் இபுராகிம்சா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் கதவோரம் நின்று படித்தாள். கடிதத்தின் தலைப்பிலேயே ஒரு தெரியாத வார்த்தை. அரபுத்தமிழில் குறிலா நெடிலா என்று காட்டக் குறிகள் உண்டு. ஜாவியில் அந்தத் தயவு கிடையாது. நாக்குக்கு எது வந்ததோ அதைப் படித்தாள்.

“பாண்டு புத்திரி.”

“என்னது? இன்னொரு தடவை படி.”

“பாண்டு புத்திரின்னு இருக்கு, மச்சான்.”

“பாரதக் கதையில வர்ற பாண்டுவா?”

“எழுத்து அப்படித்தான் வருது.”

மேலே படித்தாள். நடுவில் ‘பெண்டேரா’ என்று வந்தது. அது கொடி, அவளுக்கே தெரியும். அதற்குக் கீழே ‘ஆப்பி’ என்று வந்தது. நெருப்பு, அதுவும் தெரியும். இபுராகிம்சா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சின்ன வயசில் ராமநாதபுரம் பக்கத்தில் திரௌபதை அம்மன் தீமிதி பார்த்தவர் அவர். பாண்டு, கொடி, நெருப்பு மூன்றும் ஒரே காகிதத்தில் வந்தால் அவர் வேறு என்னதான் நினைப்பார்?

“போதும், நிப்பாட்டு. அவங்க திருவிழாவை அவங்க நல்லா நடத்தட்டும். அதுல நம்ம பிள்ளை கொடி தூக்க வேணாம்” என்றார்.

இரண்டாம் பக்கம் மடித்தது மடித்தபடியே இருந்தது. நாச்சியாவிடம், “பெரியவாப்பா வேணாங்கறாங்க” என்று மட்டும் சொல்லப்பட்டது. அந்த வீட்டில் அதற்கப்புறம் ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை. ஹபீபாவாவது மகளைத் தனியாக அழைத்து விசாரித்திருக்கலாம். கைட்ஸ் கைட்ஸ் என்று சொல்லிவிட்டு இந்தப் பிள்ளை இரண்டு வருஷமாக வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்ததோ என்ற பயம் அவள் வாயைக் கட்டிவிட்டது.

இத்தனையும் பழைய கதை. இன்றைக்கு வியாழக்கிழமை. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டே நாள்.

காலையில் நாச்சியா பள்ளிக்கூடப் பையில் ஒரு தோல்பட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கொடிக்கம்பைத் தாங்குவதற்குத் தோளில் மாட்டுகிற பட்டை.

“அது எதுக்கும்மா?” என்று கேட்டாள் ஹபீபா.

“திருப்பிக் கொடுக்கணும். சாயங்காலம் திடல்ல கடைசி ஒத்திகை. நாலு மணி வரைக்கும் பார்ப்பேன்னு சிக்கு சொன்னாங்க. அதுக்குள்ள வீட்டுலேருந்து கையெழுத்து வரலைன்னா கொடி வேற பிள்ளைக்குப் போயிரும்.”

சிக்கு என்றால் மலாயில் டீச்சர், இங்கே ஆசிரியை ரொகாயா. சாரணியர் படைக்கு அவர்தான் தலைவி.

“உன் கூட்டாளிங்க எல்லாம் போறாங்களா?”

“தமிழ்ப் பிள்ளைங்க மூணு பேரும் இல்லை உம்மா. கமீலாவும் ஜன்னத்தும்கூட வர்றது இல்லை. அவங்க வாப்பாமாருகிட்ட பள்ளிவாசல்ல யாரோ என்னமோ சொன்னாங்களாம்.”

யார் சொல்லியிருப்பார்கள் என்று ஹபீபாவுக்குத் தெரியும். பிள்ளை அழுதிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாச்சியா பையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் பெரியவாப்பாவின் செருப்புகளைத் திருப்பி ஜோடியாக வைத்துவிட்டுப் போனாள். அன்றைய நல்ல காரியம் அது. ஹபீபா அடுப்படிக்குள் போய் வெகுநேரம் ஒரே வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு வாசலில் குரல் கேட்டது. கம்போங் செட்டியிலிருந்து சீதா வந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் தையலுக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. மலாய்ப் பெண்கள் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும், நெற்றியில் திருநீறு. வீட்டில் பொங்கல் உண்டு, கோயில் உண்டு. தமிழ் மட்டும் மொத்தம் பத்து வார்த்தை. பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய காஜா பெராங் செட்டிகள் பேசுவது ஒரு தினுசு மலாய். ஹபீபா அவளைக் ‘காக் சீதா’ என்பாள், மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல. மீன்காரனோடு பேசும் மலாயும் கைச்சைகையுமாக அவர்கள் பேசிக்கொண்டதை அப்படியே எழுதினால் அச்சுக்கோக்கிறவர் கோபித்துக்கொள்வார், அதனால் தமிழில் தருகிறேன்.

“இந்தா, உன் மகளோட உடுப்பு. கழுத்துப் பட்டியை ரெண்டு தரம் பிரிச்சுத் தைச்சேன். கொடி பிடிக்கிற பிள்ளை, கோணலா இருந்தா ஊரே பாக்கும்ல” என்று சொல்லி, நீல நிற பாஜு குரோங்கை, அந்த நீளச் சட்டையை, விரித்தாள் சீதா.

ஹபீபா அதைத் தொடவில்லை. “அவ போகலை, காக்.”

“போகலையா? காய்ச்சலா?”

ஹபீபா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சீதா இந்து. அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். கடைசியில் கடிதத்தையே எடுத்துவந்து, தலைப்பை விரலால் தொட்டுப் படித்துக் காட்டினாள். “பாண்டு புத்திரி. பாருங்க, உங்க சாமிக் கதை.”

சீதாவுக்கு ஜாவி தெரியாது, காதால் கேட்டாள். ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“பாண்டு இல்லைடி, பண்டு. பண்டு புத்ரி. பண்டுன்னா வழிகாட்டுறது. காரை ஓட்டுறவனைக்கூட அந்த வார்த்தையிலதான் சொல்லுவோம். வழிகாட்டுற பொண்ணுங்க, அவ்வளவுதான். உன் மக சொல்லுற கைட்ஸ் அதேதான்.”

“அப்ப நெருப்பு?”

“கூடாரம் போட்டா குளிருக்கு விறகு மூட்டிச் சுத்தி உக்காந்து பாடுவாங்க. என் தம்பி பையன் சாரணன், எனக்குத் தெரியாதா?”

ஹபீபா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு குறிலை நெடிலாக்கினாள். மூன்று பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நாளாக மடித்துக் கிடந்த இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் விரித்தாள். அடுத்தடுத்து வரும் நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி அணிவகுப்பு. செப்டம்பரில் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் கூடாரம். அதற்கடுத்த வரியில் அவள் கண் நின்றது. அந்த வார்த்தைக்கு மலாய் தெரிய வேண்டியதில்லை. சின்ன வயசிலிருந்து ஓதி ஓதி மனசில் பதிந்த அரபு வார்த்தை. மவ்லூது. அக்டோபரில் நபி பிறந்தநாள் ஊர்வலம், அதில் இதே பிள்ளைகள் இதே உடுப்பில் நடந்து போகிறார்கள்.

கடைசியில் ஒரு புள்ளிக்கோடு, கையெழுத்துக்காக.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டும் அவள் விரிப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. மனசு ஒரு சுலபமான வழியைக் காட்டியது. “பள்ளிக்கூடத்துல பேரை மாத்திட்டாங்களாம் மச்சான்” என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. யாருக்கும் ஒரு குறைவும் வராது. நாச்சியா கொடி பிடிப்பாள். ஜாவி படிக்கிற பெண் என்ற பெயரும் அப்படியே இருக்கும். அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த பெயர் அது ஒன்றுதான். மற்றபடி அவள் சதக்குத் தம்பி சம்சாரம், நாச்சியா உம்மா.

ஆனால் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றால் முதலில் அது திருவிழாதான் என்று ஆகிவிடாதா? ரொகாயா டீச்சர் பிள்ளைகளை ஏமாற்றினார் என்று ஆகிவிடாதா? கமீலா வீட்டிலும் ஜன்னத்து வீட்டிலும் அதை யார் நம்புவார்கள்?

எழுந்தாள். பெட்டியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

சீதா வீட்டுக்குப் போகாமல் இன்னும் வாசலில்தான் இருந்தாள். “உன் மச்சான் கடைக்கா? தனியாவா போவே?” என்று கேட்டாள். ஹபீபா இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கடைக்குத் தனியாகப் போனதில்லை. “சரி, நானும் துக்காங் எமாஸ் தெருவுக்குத்தான் போகணும். பிள்ளையார் கோயில்ல ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு” என்றாள் சீதா.

வேண்டுதலும் இல்லை, பாக்கியும் இல்லை என்று ஹபீபாவுக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக அவளுக்கு மனசார துஆ கேட்டாள்.

பெச்சா என்ற சைக்கிள் ரிக்ஷாவில் இருவரும் நெருங்கி உட்கார்ந்து போனார்கள். தெருவெல்லாம் தோரணம், கடைக்குக் கடை வண்ண விளக்கு. ஜாலான் துக்காங் எமாஸில் சீதா கோயில் வாசலில் இறங்கிக்கொண்டு, “நீ வர்ற வரைக்கும் இங்கேயே இருப்பேன்” என்றாள். அதே தெருவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இபுராகிம்சாவின் சொங்கோக்குத் தொப்பிக் கடை.

கடையில் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. சுதந்திரத்துக்கு ஊரில் எல்லாருக்கும் புதுத் தொப்பி வேண்டியிருந்தது. கறுப்பு வெல்வெட்டுச் சொங்கோக்கு ஒன்றைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்த இபுராகிம்சா, வாசலில் துப்பட்டியைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“என்ன புள்ளே, வீட்டுல யாருக்கும் ஏதாச்சும்…?”

“ஒண்ணுமில்லை மச்சான். எல்லாரும் சுகமா இருக்கோம்.”

அவருக்கு மூச்சு வந்தது. எதிரே நின்றிருந்தவர் மாணிக்கவாசகம், தபாலாபீஸ் கிராணி. மேலதிகாரிக்குப் பரிசாக ஒரு சொங்கோக்கு வாங்க வந்திருந்தார். நிம்மதியில் இபுராகிம்சாவுக்குப் பெருமை வேறு பொங்கியது.

“வாசகம், இதுதான் நம்ம தம்பி வீட்டுப் பிள்ளை. ஜாவி எழுத்தை அப்படியே தண்ணி மாதிரி படிக்கும்.”

ஹபீபாவுக்கு இதைவிட மோசமான வேளை கிடைத்திருக்காது. அந்நிய ஆண் ஒருவர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே போய்விட்டுப் பிறகு வரலாமா என்றுகூட நினைத்தாள். கடையின் சுவர்க்கடிகாரம் மூன்றடிக்கப் பத்து நிமிஷம் என்று காட்டியது.

“அதைப்பத்திப் பேசத்தான் வந்தேன் மச்சான். எனக்கு எழுத்துத்தான் படிக்கத் தெரியும். மலாய் அவ்வளவாத் தெரியாது. தெரியாத வார்த்தை வந்தா, தமிழ்ல எது பக்கத்துல வருதோ அதைப் படிச்சிருவேன்.”

இபுராகிம்சாவின் கையில் பிரஷ் நின்றது.

“நாச்சியா பள்ளிக்கூடக் கடுதாசியை நான் தப்பாப் படிச்சுட்டேன். அது பாண்டு இல்லையாம், பண்டுவாம். வழிகாட்டுறவங்கன்னு அர்த்தமாம். பாண்டு புத்திரின்னு நான்தான் நீட்டிட்டேன்.”

மாணிக்கவாசகம் அதுவரை தொப்பியைத் தலையில் வைத்து அளவு பார்ப்பது போலத்தான் நின்றிருந்தார். ஆனால் காதை எங்கே வைப்பது?

“என்ன காக்கா, பாண்டு புத்திரியா?” என்றார், இபுராகிம்சாவை அண்ணன் முறை வைத்து.

இபுராகிம்சா தயங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னார். பாண்டு, கொடி, நெருப்பு.

மாணிக்கவாசகம் சொங்கோக்கைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “காக்கா, பாண்டுவுக்குப் பிள்ளைங்க அஞ்சும் ஆம்பளைப் பிள்ளைங்க. அந்த மனுஷனுக்குப் பொம்பளைப் பிள்ளையே கிடையாது” என்றார்.

மாணிக்கவாசகத்துக்குத்தான் முதலில் பொறுக்க முடியாமல் போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இபுராகிம்சா சிரிக்கவில்லை. காது மடல் இரண்டும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஹபீபா இரண்டாம் பக்கத்தை அவர் முன்னால் விரித்து, அந்த வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தாள்.

அவருக்கும் குர்ஆன் ஓதிய கண்தான். அந்த ஒரு வார்த்தையைப் படிக்க யார் தயவும் வேண்டியிருக்கவில்லை.

“மவ்லூது” என்றார்.

“அக்டோபர்ல ஊர்வலம் மச்சான். இந்தப் பிள்ளைங்கதான் முன்னால நடக்குறாங்க. ரெண்டாம் பக்கத்தை நான் அன்னைக்குப் படிக்கவே இல்லை.”

“நீ எங்கே படிப்பே? நான்தானே நிப்பாட்டுன்னேன்” என்றார் இபுராகிம்சா. பிறகு தணிந்த குரலில், “பள்ளிவாசல்ல தொழுகைக்கு ஒளு செய்யப் போன இடத்துல கமீலா வாப்பாகிட்டயும் ஜன்னத்து வாப்பாகிட்டயும் சொன்னது நான். என்னை யாரும் சொல்லச் சொல்லலை” என்றார்.

ஹபீபா திட்டை எதிர்பார்த்து வந்தவள். படிக்கத் தெரியாதவள் எதற்காக இத்தனை வருஷம் படித்தாய் என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்றே வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள். அவர் கேட்காமல் விட்டதற்காக அவளுக்கு அழுகை வந்தது. துப்பட்டி முனையை இழுத்துக்கொண்டாள்.

இபுராகிம்சா எழுந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டத் தொடங்கினார். வருஷத்திலேயே அதிக வியாபாரம் நடக்கிற நாள் அது.

“காக்கா, என் தொப்பி?” என்றார் மாணிக்கவாசகம்.

“நாளைக்கு வா, வாசகம். நான் ரெண்டு வீட்டுக்குப் போகணும். சொன்ன வாயாலதானே மாத்திச் சொல்லணும்.” ஹபீபாவிடம் திரும்பினார். “நீ நேரே திடலுக்குப் போ. நாலு மணிக்குள்ள காகிதத்தை டீச்சர் கையில கொடு.”

“கையெழுத்து, மச்சான்?”

“நீ போடு.”

“நானா?”

“பின்னே, பெத்தது நானா?” என்றார், கடைசிப் பலகையைச் செருகிக்கொண்டே.

மாணிக்கவாசகம் சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். “வெச்சுக்கங்கம்மா. நாளைக்குத் தொப்பி வாங்க வர்றப்ப வாங்கிக்கறேன்.”

பெச்சா கோயில் வாசலில் நின்று சீதாவை ஏற்றிக்கொண்டது. அவள் ஹபீபாவின் கையில் பேனாவைப் பார்த்தாள், மடியிலிருந்த நீல உடுப்பு மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை எடுத்து வைத்திருந்திருக்கிறாள், மகராசி.

பண்டார் ஹிலிர் திடல் முழுக்க ஆட்கள். போலீஸ் வாத்தியக்காரர்கள் ஒரு பக்கம், சாரணர்கள் ஒரு பக்கம், மேடைக்குச் சாயம் அடிப்பவர்கள் ஒரு பக்கம். கடற்காற்று துப்பட்டியைத் தூக்கித் தூக்கி அடித்தது. அத்தனை பேர் பார்க்க ஒரு வெட்டவெளியைக் கடந்து நடப்பது ஹபீபாவுக்கு இதுதான் முதல் தடவை. பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு நடந்தவள், பாதித் திடலில் தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்தாவிட்டால் மகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீல உடுப்புப் பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்றார்கள். வரிசைக்கு வெளியே, பள்ளிக்கூடச் சட்டையோடு, மடித்த தோல்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாச்சியா நின்றாள். ரொகாயா டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையை அவர் இன்னும் வாங்கியிருக்கவில்லை.

“சிக்கு” என்றாள் ஹபீபா. அதற்குமேல் சொல்ல மலாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. காகிதத்தை நீட்டினாள்.

டீச்சர் புள்ளிக்கோட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. ஹபீபா அதைத் திரும்ப வாங்கி, சீதா குனிந்து முதுகைக் காட்ட, அந்த முதுகின்மேல் வைத்து எழுதினாள். ஊரில் எழுதக் கற்றபடி, வலமிருந்து இடமாக, குறில் நெடில் குறியெல்லாம் சேர்த்து எழுதினாள். பேனா பழக்கமில்லாததால் ஓரிடத்தில் மை கொஞ்சம் பரவிவிட்டது.

டீச்சர் அதை வாங்கி, வாய்விட்டுப் படித்தார். “உம்மு ஹபீபா.”

ரேஷன் அட்டைக்காரர் ஒரு விதமாகவும் குடிமதிப்புக்காரர் ஒரு விதமாகவும் எழுதிப்போன பெயர். இந்த ஊரில் அவள் கையால் எழுதியதை இன்னொருத்தர் எடுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் அவளிடமே படித்துக் காட்டியது இதுதான் முதல் தடவை. என்ன எழுதினோமோ அதுவே திரும்பி வந்ததில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யா அல்லாஹ், உனக்கே சுக்குரு என்று மனசுக்குள் சொன்னாள்.

நாச்சியா இன்னும் நம்பாமல் நின்றாள். “உம்மா, பெரியவாப்பா…?”

“பெரியவாப்பாதான் அனுப்பினாங்க. போ, உடுப்பை மாத்து.”

சீதா மூட்டைத் துணியைத் திரைபோல் விரித்துப் பிடிக்க, மேடைக்குப் பின்னால் ஐந்து நிமிஷத்தில் பிள்ளை நீலத்துக்கு மாறினாள். கழுத்துப் பட்டி கோணலில்லாமல் நின்றது. தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு அவள் கொடியை வாங்கியபோது, கம்பு அவளைவிட ஒன்றரை மடங்கு உயரமாக இருந்தது. காற்று இழுத்த இழுப்புக்கு ஓரடி பின்னால் போனவள், காலை ஊன்றி நின்றுகொண்டாள். வாத்தியம் தொடங்கியது.

ஹபீபா ஓரத்தில் நின்று பார்த்தாள். நாடு சுதந்திரம் அடைவதைப் பற்றி ஆண்கள் பேசிக் கேட்டிருக்கிறாளே தவிர, அதில் தனக்கென்று என்ன இருக்கிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கொடி தன் பிள்ளையின் கையில் போகிறது. முதுகு வலிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள், இடுப்பில் யாரோ ஒருவருடைய பேனா இருக்கிறது. யாருக்கென்று நன்றி சொல்வது? எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஸலவாத்து ஓதினாள்.

இரண்டாவது சுற்று முடியும்போது திடலின் வாசலில் இபுராகிம்சா வந்தார். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது. அவருக்குப் பின்னால் கமீலா உடுப்போடு ஓடிவந்து, யாரையும் கேட்காமல் வரிசையில் போய் நின்றுகொண்டாள். டீச்சர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

இபுராகிம்சா கொடி போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கம்பை நேராத்தான் பிடிக்குது” என்றார்.

“ஜன்னத்து எங்கே மச்சான்?”

அவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அவ வாப்பா வாசல்லயே நிப்பாட்டிட்டார். அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க, நாளைக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேட்டார். நான் பதிலுக்கு என்னத்தைச் சொல்ல? உள்ளே பிள்ளை அழுற சத்தம் கேட்டுச்சு.”

மூன்றாவது வரிசையில் ஓரமாக ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. நடக்கும்போதும் பிள்ளைகள் அதை மூடாமல் விட்டுவிட்டே நடந்தார்கள்.

ஹபீபா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, கையெழுத்துப் பகுதியைக் கிழித்துக்கொண்டு டீச்சர் திருப்பிக் கொடுத்திருந்த கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

“நீங்க நாச்சியாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துருங்க மச்சான்.”

“நீ எங்கே போறே?”

“உங்களைத்தான் வாசல்ல நிப்பாட்டுவாங்க. என்னை அடுப்படி வரைக்கும் விடுவாங்க.”